யன்னலுக்குக் கம்பி

சனிக்கிழமை காலையில் அருந்ததி முதலில் துடைப்பது கணினியைத்தான். சாமிப்படங்களின் முறை அதற்குப் பிறகு. பழைய சேலைத்துண்டில் தைத்த உறையை உருவி, முற்றத்தில் உதறி, கொடியில் போடுவாள். திரைக்கு ஈரத்துணி ஒரு தரம், காய்ந்த துணி ஒரு தரம். விசைப்பலகையைக் கவிழ்த்து முதுகில் தட்டினால், வாரம் முழுவதும் அதன் முன்னால் இருந்தவர்கள் என்ன தின்றார்கள் என்பது மேசையில் விழும். பாண்துகள், மிக்சர்க் கடலை, அழிறப்பர் பொடி. "எள்ளுருண்டை திண்டது தனோஜன். உது உவன்ரை வேலை," என்று ஓர் எள்ளை விரல்நுனியில் ஒற்றி எடுத்துக் காட்டுவாள். கஜானி அங்கே இருந்து ஒன்றும் தின்பதில்லை. நகம் கடிப்பாள். அதற்கும் மேசையில் தடயம் இருக்கும்.

மீசாலையில் எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவில் ஒரே வேலி. அதில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு உண்டு. இரண்டு வீட்டுக்காரருக்கும் வாசல் படலையைவிட அதுதான் பழக்கம். அருந்ததி பிள்ளையார் கோயிலடி மண்டபத்தில் முன்பள்ளி நடத்துகிறாள். ஊருக்கு அவள் "நேசறி ரீச்சர்". கணவர் தியாகராசா சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறார். மூத்தவள் கஜானிக்கு இந்த வருடம் ஓ.எல். சோதனை. சின்னவன் தனோஜன் ஏழாம் வகுப்பு.

முன்பள்ளி ரீச்சர்மாருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எது ஆபத்தோ அதைப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது. கத்தரிக்கோல், பசைப்போத்தல், நீலமருந்துக் குப்பி எல்லாம் மண்டபத்தில் அவளுடைய தலைக்கு மேலே ஒரு தட்டில் இருக்கும். வீட்டிலும் சீனி டின், நெருப்புப்பெட்டி, மாத்திரைகள் எல்லாம் அந்த உயரத்தில்தான். தனோஜன் இப்போது அவளைவிட நாலு விரற்கடை உயர்ந்துவிட்டான் என்பதை அவள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. "கொம்பியூட்டரை மேலை தூக்கி வைக்கேலாது பாருங்கோ அக்கா," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "அதாலைதான் உதுக்கு வேறை வழி பாக்க வேண்டிக் கிடக்கு."

இணையம் பார்க்கும் செயலிக்கு அவள் வைத்திருக்கும் பெயர் யன்னல். "எத்தினை யன்னல் திறந்து வைச்சிருக்கிறாய்? ஒண்டை வைச்சுக்கொண்டு மிச்சத்தைச் சாத்து" என்று குசினிக்குள் இருந்து குரல் வரும். ஏன் தடை போட்டாய் என்று கேட்டால், கையில் இருக்கும் அகப்பையை நிறுத்தாமலே பதில் சொல்வாள். "நான் யன்னலைச் சாத்தச் சொல்லேல்லையே. கம்பி போட்டனான், அவ்வளவுதான். காத்து வரட்டும். கள்ளன் வராட்டில் சரி."

கம்பி போட வந்தவன் ஜெயதீபன். சாவகச்சேரியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை, கோயில் தேருக்கு வடம் பிடிக்க முதல் ஆளாக நிற்பவன். அவன் ஏதோ ஒரு தடுப்பை நிறுவிவிட்டு, "ரீச்சர், வேண்டாத சொல்லுகளைச் சொல்லுங்கோ. அந்தச் சொல் இருக்கிற பக்கம் ஒண்டும் திறக்காது," என்றான். அருந்ததி பிள்ளைகள் இருவரையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, வாயைத் திறந்து, மூடினாள். அந்தச் சொற்களை அவள் வாழ்நாளில் உச்சரித்ததில்லை.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. உமக்குத் தெரிஞ்சதைப் போடுமன்."

"எனக்கென்ன ரீச்சர் தெரியும்?" என்ற அவனுடைய காது சிவந்தது.

"எனக்கு மட்டும் தெரியுமோ?"

பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவன் குனிந்துகொண்டு தட்டினான். "போட்டிட்டீரோ?" "இன்னும் ரெண்டு கிடக்கு ரீச்சர்." "கெதியாப் போடும், அடுப்பிலை பால்." என்ன சொற்கள் என்று அவள் இன்றுவரை போய்ப் பார்க்கவில்லை. புதிதாக ஒரு சொல்லைச் சேர்க்கவும் எடுக்கவும் அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, தேநீரும் குடிக்காமல் ஜெயதீபன் போய்விட்டான்.

தடுத்த பக்கத்தைத் திறந்தால் திரையில் சிவப்பு நிறத்தில் விரித்த உள்ளங்கை ஒன்று வரும். அதற்குத் தனோஜன் வைத்த பெயர் "அம்மான்ரை கை". சோறு போடும்போதுகூட, "போதும் அம்மா, கை வருது" என்பான். கடவுச்சொல்லை அருந்ததி திறப்பு என்பாள், அலுமாரிச் சாவியைச் சொல்வதுபோல. அதைத் தட்டவேண்டி வந்தால் "திரும்புங்கோ" என்பாள். பிள்ளைகள் இருவரும் எழுந்து எதிர்ச்சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்தபடி நிற்கவேண்டும். அவள் ஒற்றை விரலால் தட்டுகிறவள், நேரம் எடுக்கும். அப்படி நின்று நின்று தனோஜனுக்கு இந்த வருடத்து விரதநாட்கள் எல்லாம் மனப்பாடம். பசுவின் பெயர், தகப்பனுடைய பஸ்ஸின் இலக்கம், பிள்ளையார் என்று அவன் போட்டுப்பார்த்த திறப்பு ஒன்றும் திறக்கவில்லை.

முதலில் அவளாகச் சேர்த்த சொல், 'துவக்கு'. துப்பாக்கிக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. தனோஜன் பின்னேரங்களில் துவக்கு விளையாட்டு விளையாடுகிறான், சுடுகிற சத்தம் குசினிவரை வருகிறது, அதை நிறுத்தவேண்டும். அன்று இரவு கஜானி விஞ்ஞானப் பயிற்சி வினாக்களைத் திறந்தாள். சிவப்புக் கை. தமிழிலும் கை, கணிதத்திலும் கை. இந்தியாவில் யாரோ செய்த தளம் போலும். தொடங்கு என்று எழுதவேண்டிய இடத்திலெல்லாம் 'பயிற்சியைத் துவக்கு' என்று எழுதி வைத்திருந்தார்கள். தனோஜனின் விளையாட்டோ முழுவதும் ஆங்கிலம். அதில் துவக்கு என்ற சொல் எங்குமே இல்லை, துவக்குகள் மட்டும் இருந்தன. அவன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்தான்.

தியாகராசா சாப்பிட்ட கையோடு சிரித்தார். "துவக்கைத் துவக்கத்திலையே நிப்பாட்டின ஒரே ஆள் நீதானப்பா."

"சிரியுங்கோ. நீங்கள் றோட்டைப் பாத்துக்கொண்டு போறியள், நான் வீட்டைப் பாக்கிறன்."

"என்ரை போனுக்கும் கம்பி போடுவியோ?"

"உங்களுக்குத் தாலி கட்டேக்கையே போட்டாச்சு."

ஆனால் அவள் மெய்யாக நம்பியிருப்பது ஜெயதீபனுடைய தடுப்பை அல்ல. கணினிக்கு நேரெதிர்ச் சுவரில், கலண்டருக்குப் பக்கத்தில், கண்ணாடி அலுமாரி ஒன்று நிற்கிறது. உள்ளே கஜானியின் பேச்சுப்போட்டிக் கேடயம், ஒருநாளும் வெளியே எடுக்காத கோப்பைகள், கலியாணத்துக்கு வந்த ஒரு பீங்கான் அன்னம். கணினியில் இருப்பவர்களுக்கு அது முதுகுப்பக்கம். குசினி வாசற்படியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்து பார்த்தால், அலுமாரியின் கண்ணாடிக் கதவில் கணினித்திரை அப்படியே விழும். தலை மறைத்தால், தான் இருக்கும் பலகைக்கட்டையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் சரி. அவள் தேங்காய் துருவுவது, மீன் துப்புரவாக்குவது, வெங்காயம் உரிப்பது எல்லாம் அந்த இடத்தில்தான். அவளிடம் நிறக்கணக்கு ஒன்று உண்டு: துள்ளித் துள்ளிப் பல நிறம் என்றால் விளையாட்டு, நீலம் என்றால் ஊர்வம்பு, வெள்ளையில் கறுப்பு என்றால் படிப்பு.

கண்ணாடியில் எழுத்து இடம்வலம் மாறித் தெரியுமே என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அக்கா, நாலு வயசுப் பிள்ளையளிலை அரைவாசி, எழுத்தைத் திருப்பித்தான் எழுதுங்கள். நான் நாள் முழுக்க வாசிக்கிறது உதைத்தானே." பெரிய எழுத்தாக இருந்தால், எங்களுக்குப் புழு நெளிந்தமாதிரித் தெரிவதை அவள் ஓடவிட்டு வாசித்துவிடுவாள். குசினிக்குள் இருந்துகொண்டே "அந்த ரெண்டாம் யன்னலைச் சாத்தடா" என்று அவள் சொல்லும்போது தனோஜன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான். தாய் தேங்காயைப் பார்த்துத் துருவிக்கொண்டிருப்பாள். "எப்பிடியம்மா தெரியும்?" "அம்மாவுக்குப் பின்னாலையும் கண் இருக்கு." இந்த அலுமாரி விடயத்தை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று பிள்ளையார்மேல் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் எனக்கே காட்டினாள்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. "நான் பாக்கக்கூடாத ஒண்டும் இந்த வீட்டிலை திறக்கக்கூடாது." இதைக் கண்டிப்பாக அல்ல, பல்லு விளக்கு என்று சொல்வதுபோலச் சொல்வாள். ஒருநாள் கிணற்றடியில் உடுப்பு அலசிக்கொண்டு நின்றபோது மட்டும் வேறுமாதிரிப் பேசினாள். "பூட்டினாப் பிறகுதான் அக்கா எனக்குப் பயம் கூடினது. பூட்டிக் கிடக்கெண்டால் உள்ளுக்குள்ளை என்னவோ இருக்கெண்டு அதுகளுக்கு விளங்கிப்போச்சு. கெட்டதை அதுகள் பாத்துப்போடுங்கள் எண்டுகூட எனக்குப் பெரிய பயம் இல்லை. பாத்துப்போட்டு என்னட்டைச் சொல்லாமல் விட்டிடுங்கள், அதுதான்." வாளியைக் கவிழ்த்துவிட்டு உடனே கத்தரிக்காய் விலைக்குப் போய்விட்டாள்.

போன மாதம் சேர்த்த சொல், 'கதை'. தனோஜன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஆரோடை கதைக்கிறாய் என்று கேட்டாள். பிரெண்ட் என்றான். எந்த ஊர்? தெரியாது. பெயர்? அதுவும் தெரியாது. "பேர் தெரியாத பிரெண்டோடை என்னடா கதை?" இந்தக் கதை வேண்டாம் என்று தீர்மானித்து, பிள்ளைகளைக் கலண்டர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி, ஒற்றை விரலால் அந்தச் சொல்லைத் தட்டிச் சேர்த்தாள். யாழ்ப்பாணத்தில் வாய் திறந்து பேசுவதற்கெல்லாம் பெயர் கதைதானே. அந்தப் பெயர் தெரியாத பிள்ளை ஆங்கிலத்தில் கதைத்தது. அதற்குக் கை வரவில்லை. தனோஜனும் அதைத் தாய்க்குச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை பின்னேரம் நானும் அருந்ததியும் குசினி வாசற்படியில் சுளகை நடுவில் வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தோம். கஜானி கணினியில் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் தனோஜன் தன் முறைக்காகக் காலை மடித்துக் குந்தியிருந்தான். திடீரென்று அவன் துள்ளி எழுந்தான்.

"அம்மா! உங்கடை கை வந்திட்டுது! அக்காவுக்கு!"

அவன் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அவன் முகத்தில் கண்டதில்லை. கஜானி அவனைப் பார்க்காமல் எங்கள்பக்கம் திரும்பினாள்.

"அம்மா, 'கதை' எண்ட சொல்லை ஒருக்கால் எடுத்துவிடுங்கோ."

"ஏன்? ஆரோடை கதைக்கப் போறாய்?"

"ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஒரு கதை அனுப்ப வேணும்."

"ஆற்றை கதை?"

"என்ரை கதை."

அருந்ததியின் விரல்கள் முருங்கைக் காம்பில் நின்றுவிட்டன. "உன்ரை கதையோ? உன்னைப் பற்றி ஆர் என்ன கதைச்சது?"

பதினாறு வயதுப் பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 'அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கதை இருக்கு' என்று சந்தையில் யாராவது தொடங்கினால், அது வீட்டுக்கு வந்துசேர அதிகநேரம் எடுக்காது. அவள் முகத்தில் அந்தப் பயம் ஒரு கணம் வந்து நின்றது.

"ஐயோ அம்மா! நான் எழுதின கதை. சிறுகதை. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் போட்டி வைக்கினம். இண்டைக்குத்தான் கடைசி. அந்தப் பக்கத்தின்ரை பேரிலையே கதை இருக்கு, அதுதான் கை வருது."

தனோஜன் கதிரையில் விழுந்து சிரித்தான். "அக்கா கதை விடுறா! அக்கா கதை விடுறா!"

"நீயோ எழுதினனீ?" என்று கேட்டாள் அருந்ததி. "எப்ப?"

"பின்னேரங்களிலை. உதிலை இருந்துதான்."

அருந்ததி என்னைப் பார்த்தாள். வெள்ளையில் கறுப்பு. எத்தனையோ பின்னேரங்கள் அந்தக் கண்ணாடியில் அதைப் பார்த்து, பிள்ளை படிக்கிறாள் என்று நிம்மதியாகத் தேங்காய் துருவியவள்.

"நல்லது. கொண்டா பாப்பம். வாசிச்சுப்போட்டு எடுத்துவிடுறன்."

கஜானி பெருவிரல் நகத்தை வாயில் வைத்தாள். "இப்ப வேண்டாம் அம்மா."

"ஏன், அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதோ?"

"நீங்கள் வாசிச்சால் நான் அனுப்பமாட்டன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் சொன்னபடி செய்வாள் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்தது. தனோஜன் எழுந்து, இடுப்பில் கை வைத்து, தாயின் குரலை அப்படியே எடுத்தான். "நான் பாக்கக்கூடாத ஒண்டும் இந்த வீட்டிலை திறக்கக்கூடாது! ஆற்றை சட்டமாம்?"

"வாயை மூடு."

"எனக்கெண்டால் சட்டம். அக்காவுக்கெண்டால் வாயை மூடு."

 அருந்ததி ஆய்ந்த இலையைச் சுளகில் தட்டி ஒருபக்கமாக ஒதுக்கினாள். பிறகு மறுபக்கமாக ஒதுக்கினாள். "கெட்டது ஒண்டும் எழுதேல்லையே?" என்றாள்.

"இல்லை."

"எங்கடை வீட்டைப் பற்றியோ?"

கஜானி அடுத்த விரல் நகத்தைக் கடிக்கத் தொடங்கினாள். 

அருந்ததி எழுந்து, கையைச் சேலையில் துடைத்து, கணினியடிக்குப் போனாள். "திரும்புங்கோ ரெண்டு பேரும்." இருவரும் கலண்டரைப் பார்த்து நின்றார்கள். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் தனோஜன் விரதநாட்களை உரக்க வாசிப்பான், அன்று வாசிக்கவில்லை. அவள் ஒற்றை விரலால் தட்டினாள். நின்றாள். மறுபடி தட்டினாள்.

"எடுத்தாச்சு. இனி இந்த வீட்டிலை கதைக்கிறவை கதைக்கட்டும், எழுதுறவை எழுதட்டும்."

"அப்ப நானும் கதைக்கலாமோ?" என்றான் தனோஜன்.

"உன்ரை பிரெண்டிட்டை முதல் பேரைக் கேள். பிறகு அவனை எனக்குச் சொல்லு. பிறகு கதை."

அவள் வந்து தன் பழைய இடத்தில் அமர்ந்து ஒரு புதிய காம்பை எடுத்தாள். கஜானி முதுகைக் காட்டிக்கொண்டு வேகமாக ஏதோ செய்தாள். கண்ணாடி அலுமாரியில் வெள்ளையாக ஒரு பக்கம் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, அதன் தலையில் கறுப்பாக, பெரிதாக ஒரு தலைப்பு வந்து நின்றது. அதற்குக் கீழே முதல் வரிகளும் பெரிய எழுத்தில்தான். எனக்கு அது புழுக்கள். நான் அருந்ததியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை காம்பை உருவ மறந்துவிட்டது. முன்பள்ளியில் பிள்ளையின் சிலேட்டைப் பார்க்கும்போது அசைவதுபோல அவளுடைய உதடு ஓர் எழுத்துக்கு அசைந்தது. அடுத்த எழுத்துக்கும் அசைந்தது.

பிறகு மடியில் இருந்த காம்புகளைத் தட்டிவிட்டு எழுந்தாள். நேராக அலுமாரியடிக்குப் போய், அதன் கண்ணாடிக் கதவைப் பிடித்து, மற்றக் கதவின் பின்னால் போகும்வரை பக்கவாட்டில் தள்ளினாள். பல வருடம் அசையாத கதவு. கிறீச்சென்று இழுபட்டுப் போனது. வெள்ளைப் பக்கம் இருந்த இடத்தில் இப்போது கோப்பைகளும், கேடயமும், பீங்கான் அன்னமும் இருந்தன.

சத்தத்துக்குப் பிள்ளைகள் இருவரும் திரும்பினார்கள். தனோஜன் தாயைப் பார்த்தான், அலுமாரியைப் பார்த்தான், குசினி வாசற்படியைப் பார்த்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது.

"அம்மா… இவ்வளவு நாளும் உதாலையோ?"

அருந்ததி சுளகைத் தூக்கி இடுப்பில் வைத்து, காம்புகளைப் பசுவுக்குப் போடப் பின்கதவால் வெளியே போனாள்.